புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வீட்டுச் செலவு, பெரிய பர்ச்சேஸ் எல்லாம் முடிவு பண்றது எப்படி? கடலூர், பாண்டி பக்கம் இருக்கறவங்களுக்கு முழு வழிகாட்டி

கல்யாணம் ஆன புதுசுல யாரும் காசு பத்தி பேசறதில்ல, பேசினா தப்பா நினைச்சுப்பாங்கன்னு ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருப்பாங்க, அப்புறம் மூணு நாலு வருஷம் கழிச்சு ஒரு பிரிட்ஜ் வாங்கப் போய் கடையிலயே முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வருவாங்க. சண்டை பிரிட்ஜுக்கு இல்ல. "என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்ணீங்க"ங்கறதுக்குத் தான்.

இதுல என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சம்பாதிக்கிறவங்க தான் முடிவு பண்ணணும்ங்கறது தப்பு. ஒரு பொருளை தினமும் கையில வச்சு வேலை செய்யப்போறது யாரு, அதுக்கான காசையோ கடனையோ கட்டப்போறது யாரு, இந்த ரெண்டு பேருக்கும் அதுல பேச்சு இருக்கணும். வீட்ல இருக்கற அம்மா வெளிய வேலைக்குப் போகலன்னா அவங்களுக்கு உரிமை கம்மின்னு அர்த்தம் கிடையாது. எதை யார் முடிவு பண்றது, எதுல சேர்ந்து உக்காரணும்னு முன்னாடியே பேசி வச்சிட்டா பாதி சண்டை வராமலே போயிடும்.

ஸ்டெப் 1: எல்லாத்தையும் ஒரே நோட்ல எழுதுங்க

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு பசங்க தூங்கும்போது உக்காருங்க. சம்பளம் வர்ற அன்னிக்கு வேணாம், சண்டை போட்ட அன்னிக்கு சுத்தமா வேணாம். சாதாரண நூறு பக்க நோட் போதும், ஆப் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஏன்னா ஆப் ஒருத்தர் போன்ல தான் இருக்கும், நோட்டை ரெண்டு பேரும் புரட்டலாம்.

இடது பக்கம் வரவு. கையில வர்ற சம்பளம், சிப்காட் கம்பெனின்னா ஓ.டி. காசு தனியா, வீட்ல தையல், மாவு அரைச்சு விக்கறது, முந்திரி உடைக்கறதுன்னு ஏதாவது வந்தா அது, கடலூர் பக்கம்னா 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், மாடி வாடகை, எல்லாமே. வலது பக்கம் கடன். பேங்க் லோன், பைக் டியூ, கிரெடிட் கார்டு, குழு லோன், நகை அடகு (ரசீதுல இருக்கற கடைசி தேதியோட எழுதுங்க, ஏலத்துக்குப் போற வரைக்கும் நிறைய பேர் தேதியை பாக்கறதே இல்ல), சீட்டு இன்னும் எத்தனை மாசம் பாக்கி, கைமாத்து யார்கிட்ட எவ்ளோ. கீழ ஒரு இடத்துல நகை எத்தனை சவரன், வீட்ல இருக்கா லாக்கர்ல இருக்கா அம்மா வீட்ல இருக்கான்னு எழுதுங்க.

இங்க தான் ஒரு விஷயம் இடிக்கும். மறைச்சு வச்ச கடன் வெளிய வரும். பிரெண்டுக்கு ஜாமீன் போட்டது, ஆன்லைன்ல லோன் எடுத்தது, தங்கச்சி கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினது. சொல்ற அன்னிக்கு கத்தக்கூடாதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, கத்தினீங்கன்னா அடுத்த கடன் உங்க காதுக்கு வரவே வராது. அதே மாதிரி பருப்பு டப்பாவுல, புடவை மடிப்புல அவங்க சேத்து வச்ச காசை "எவ்ளோ வச்சிருக்க, எடு"ன்னு கேக்கவும் கூடாது. கடனை மறைக்கறதும் சேமிப்பை மறைக்கறதும் ஒண்ணு இல்ல. கடன் ரெண்டு பேர் தலையிலயும் விழும், அதனால கண்டிப்பா சொல்லணும். அந்த டப்பா காசு பல வீட்ல கடைசி நேரத்துல சோறு போட்டிருக்கு, அது அவங்ககிட்டயே இருக்கட்டும்.

ஸ்டெப் 2: வருஷச் செலவை மாசமா உடைங்க

மாச பட்ஜெட் போட்டும் ஏன் பத்தலன்னா, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவை நாம கணக்குல சேக்கறதில்ல. ஸ்கூல் பீஸ் 36,000, தீபாவளி துணி பலகாரம் எல்லாம் 18,000, இன்சூரன்ஸ் 12,000, வீட்டு வரியும் வண்டி சர்வீஸும் 6,000ன்னு வச்சுக்கோங்க, கூட்டினா 72,000, பன்னெண்டால வகுத்தா மாசம் 6,000. இந்த 6,000ஐ முதல் வாரமே தனியா எடுத்து வச்சுட்டா ஜூன் மாசம் அடகுக் கடைக்குப் போக வேணாம். கரண்ட் பில் தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, பாண்டியில மாசா மாசம், அதனால கடலூர்ல இருக்கறவங்க பில் வராத மாசம் பாதியை எடுத்து வைங்க.

ஸ்டெப் 3: அக்கவுண்ட் மூணா பிரிச்சுக்கோங்க

அவருக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு, வீட்டுக்குப் பொதுவா ஒண்ணு. ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பாதி பாதின்னு போடறது பாக்க நியாயமா இருக்கும், ஆனா சம்பளம் ஒரே அளவு இல்லாதப்ப நியாயம் இல்ல. ஒருத்தருக்கு 30,000, இன்னொருத்தருக்கு 20,000, வீட்டுச் செலவு 30,000 ஆகுதுன்னா ஆளுக்கு 15,000 போட்டா ஒருத்தர் கையில 15,000 நிக்கும், இன்னொருத்தர் கையில 5,000 தான். அதுக்குப் பதிலா ரெண்டு பேரும் சம்பளத்துல 60% போடுங்க, 18,000மும் 12,000மும் வரும், கணக்கும் சரியாப் போச்சு, யாருக்கும் மனசுல குறையும் இல்ல.

ஒருத்தர் மட்டும் சம்பாதிக்கிற வீடா? அப்ப வீட்டுச் செலவு போக மிச்சத்துல ரெண்டு பேருக்கும் ஒரே தொகை கைச்செலவு. 2,000ன்னா ரெண்டு பேருக்கும் 2,000, 500ன்னா 500. இதுக்கு யாரும் யார்கிட்டயும் கணக்கு சொல்லத் தேவையில்ல. அவர் டீ குடிச்சாரோ, அவங்க நேரு வீதியில செருப்பு வாங்கினாங்களோ, சண்டே மார்க்கெட்ல சுத்தினாங்களோ, கேக்கக்கூடாது. இது ரொம்ப முக்கியம்ங்க. அம்பது ரூபாய்க்கு கூட கை நீட்டி நிக்கற நிலைமை ஒரு மனுஷியை எவ்ளோ சுருக்கிடும்ங்கறது அனுபவிச்சவங்களுக்குத் தான் தெரியும்.

பொது அக்கவுண்ட் ஓபன் பண்ணும்போது பேங்க்ல "ஐதர் ஆர் சர்வைவர்"னு டிக் பண்ணச் சொல்லுங்க. ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம், ஒருத்தர் போயிட்டா இன்னொருத்தர் தொடரலாம். "ஜாயிண்ட்லி"ன்னு போட்டா ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையெழுத்து வேணும், வீட்டுச் செலவுக்கு அது சரிப்படாது. புருஷன் துபாய், சிங்கப்பூர்னு இருந்து அவரோட என்.ஆர்.இ. அக்கவுண்ட்ல (வெளிநாட்டுல சம்பாதிக்கிறவங்க இங்க வச்சுக்கற அக்கவுண்ட்) ஊர்ல இருக்கற மனைவியைச் சேத்தா "ஃபார்மர் ஆர் சர்வைவர்"னு தான் தருவாங்க, அதாவது அவர் இருக்கற வரைக்கும் மனைவி எடுக்கணும்னா பவர் மாதிரி அதிகாரம் எழுதிக் குடுக்கணும். பரங்கிப்பேட்டை பக்கம் நிறைய வீட்ல இது தெரியாம அவசரத்துக்கு காசு எடுக்க முடியாம நிப்பாங்க, லீவுல வரும்போதே அந்த பேப்பரை முடிச்சிடுங்க.

வருமானம் மாசா மாசம் ஒரே மாதிரி வராத வீடு நம்ம பக்கம் ஏராளம். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் மீனவர் வீட்ல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கரும்பு போட்டவங்களுக்கு ஆலைக் காசு எப்ப வரும்னு நிச்சயம் இல்ல, பண்ருட்டியில முந்திரி, பலா எல்லாம் சீசன் காசு. இவங்க சம்பளக்காரங்க மாதிரி பட்ஜெட் போட்டா வேலைக்கு ஆகாது. போன வருஷத்துலயே ரொம்ப கம்மியா வந்த மாசம் எதுன்னு பாருங்க, அந்தத் தொகைக்குள்ள வீட்டுச் செலவை அடக்குங்க, நல்லா வர்ற மாசத்து மிச்சம் முழுக்க பொது அக்கவுண்ட்ல நிக்கட்டும். மீனவர் வீட்ல ஏலம், வியாபாரம், காசு கணக்கு எல்லாம் பாதிக்கு மேல பொம்பளைங்க கையில தான் நடக்குது, அங்க வலை, இன்ஜின் வாங்கற முடிவுல மட்டும் அவங்களை ஒதுக்கறது எந்த விதத்துலயும் சரியில்ல.

ஸ்டெப் 4: எவ்ளோ வரைக்கும் கேக்காம வாங்கலாம்?

லிமிட் வைங்க. மாசம் 50,000 வர்ற வீடுன்னா நான் சொல்றது இது தான். 1,500 வரைக்கும் யாரும் யாரையும் கேக்க வேணாம். 1,500ல இருந்து 10,000 வரைக்கும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணும், பெர்மிஷன் இல்ல, தகவல். 10,000க்கு மேலன்னா ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும், சொன்னப்புறமும் ஒரு வாரம் காத்திருந்து வாங்கணும். வேணாம்னு சொல்றவங்க காரணத்தையும் சொல்லணும், "எனக்குப் பிடிக்கல"ன்னு மட்டும் சொல்லிட்டு நகரக்கூடாது. உங்க வருமானத்துக்கு ஏத்த மாதிரி நம்பரை மாத்திக்கோங்க.

கூடவே பொறுப்பையும் பிரிங்க. மளிகை, பால், பசங்க துணி ஒருத்தர், வண்டி, கரண்ட், ரீசார்ஜ் ஒருத்தர். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திக்கோங்க, அப்பத் தான் நல்லெண்ணெய் என்ன விலைன்னு அவருக்கும், வண்டி இன்சூரன்ஸ் எப்ப முடியுதுன்னு அவங்களுக்கும் தெரியும்.

ஸ்டெப் 5: பெரிய பொருள் வாங்கும்போது

வாஷிங் மெஷினை எடுத்துப்போம், ஏன்னா இதுல தான் எல்லாமே இருக்கு. ஆடி ஆஃபர்ல லாரன்ஸ் ரோட்ல ஒரு கடைக்குப் போறீங்க. அவர் ஃப்ரண்ட் லோடு தான் தண்ணி கம்மி, துணிக்கு நல்லதுன்னு பாக்கறார். அவங்க சொல்றாங்க, "என்னங்க, நம்ம போர் தண்ணி உப்பு, பக்கெட்ல வெள்ளையா படியுது, அதுல உள்ள ஹீட்டர் கெட்டுப் போவுமே, அதுவுமில்லாம எனக்கு இடுப்பு வலி, குனிஞ்சு குனிஞ்சு துணி எடுக்க முடியாது." இந்த ஒரு வரியில இருக்கற விஷயம் சேல்ஸ்மேன் சொல்ற பத்து ஃபீச்சர்ல இல்ல. யூஸ் பண்றவங்க சொல்றதுக்கு தான் இங்க முதல் மரியாதை. மாடல் அவங்க முடிவு, காசு எப்படி கட்டறதுங்கறது ரெண்டு பேர் முடிவு.

கடைக்குப் போறதுக்கு முன்னாடியே வீட்ல மூணு கேள்வி: இது இல்லாம இப்ப எப்படி ஓடுது, அதிகபட்சம் எவ்ளோ, வைக்கற இடத்துல தண்ணி லைனும் பிளக் பாயிண்ட்டும் இருக்கா. அதிகபட்சத் தொகையை நோட்ல எழுதிட்டுப் போங்க. கடையில போய் "இன்னும் 3,000 போட்டா அடுத்த மாடல்"னு சொல்லும்போது அந்த நோட் தான் உங்களைக் காப்பாத்தும். ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர், ஃபிட்டிங் சார்ஜ், எக்ஸ்டெண்டட் வாரண்டின்னு கடைசியில ஏத்துவாங்க, அதையும் சேத்து தான் அந்தத் தொகை.

நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.ன்னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "முழுசா ரெடி கேஷ் குடுத்தா எவ்ளோ குறைப்பீங்க?" 30,000 மெஷினை கேஷுக்கு 28,500க்கு தர்றேன்னு சொன்னா அந்த 1,500 தான் உங்க வட்டி. மேல ப்ராசஸிங் ஃபீ, கிரெடிட் கார்டுல எடுத்தா வட்டி மேல 18% ஜிஎஸ்டி. எடுக்கவே கூடாதுன்னு சொல்லல, தெரிஞ்சு எடுங்க. எல்லா டியூவும் சேந்து வீட்டு வருமானத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டக்கூடாதுங்கறது என் கணக்கு, வீட்டு லோன் உட்பட.

நகை தனிக் கதை. நகைச் சீட்டு ஏன் 11 மாசம்னா, 365 நாளைத் தாண்டி அட்வான்ஸ் வாங்கி வச்சா சட்டப்படி அது டெபாசிட் கணக்குல வந்துடும், அதான். சேர்றதுக்கு முன்னாடி சேதாரம் எவ்ளோ சதவீதம் வரைக்கும் தள்ளுபடி, எந்த நகைக்கு கிடையாது, கல்லு எடையை கழிப்பாங்களான்னு ரெண்டு பேரும் நின்னு கேளுங்க. நகையில 6 எழுத்து ஹெச்.யூ.ஐ.டி. (ஹால்மார்க் அடையாள) நம்பர் இருக்கணும், பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா அங்கயே தெரிஞ்சிடும். தங்கத்துக்கு 3% ஜிஎஸ்டி, அது இல்லாத பில் வேணாம்.

ஆனா இதை விட முக்கியமானது அடகு. அம்மா வீட்ல போட்டு அனுப்பின நகை சட்டப்படி அந்தப் பொண்ணோட சொந்த சொத்து, சுப்ரீம் கோர்ட் இதை பல தடவை சொல்லியிருக்கு. புருஷன் அவசரத்துக்கு வாங்கி வச்சா திருப்பிக் குடுக்கற கடமை அவருக்கு இருக்கு. அதனால நகையைக் கேக்கும்போது எதுக்கு, எந்த மாசம் மீட்டுத் தருவேன்னு நோட்ல எழுதி தேதி போடுங்க. "நமக்குள்ள என்ன எழுத்து"ன்னு தோணும், எழுதி வச்ச வீட்ல தான் அந்த நகை திரும்பி வருது.

ஸ்டெப் 6: மனை, வீடு

இங்க அவசரப்படாதீங்க. கடலூர்ல இருந்து அஞ்சு பத்து கிலோமீட்டர்ல பாகூர், அது புதுச்சேரி. மனை கம்மியா வருதுன்னு போனா பத்திரச் செலவு, அப்ரூவல், பட்டா எல்லாமே வேற அரசாங்கம், வேற ரூல்ஸ். மனை எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல பாருங்க. வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம், அப்ரூவல் நம்பர் மூணும் வக்கீல்கிட்ட காட்டாம அட்வான்ஸ் குடுக்காதீங்க, "இன்னிக்கே டோக்கன் போட்டா தான்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

பேர் யார் பேர்ல? தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல் 1ல இருந்து 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்தை பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1% குறைப்பு உண்டு. நான் சொல்றது, ரெண்டு பேர் காசும் போனா ரெண்டு பேர் பேரும் பத்திரத்துல இருக்கணும். பாதி வீட்ல என்ன நடக்குதுன்னா பத்திரம் ஒருத்தர் பேர்ல, லோன்ல மட்டும் ரெண்டு பேர் கையெழுத்து. கடனுக்கு மட்டும் பொறுப்பு, சொத்துல பங்கு இல்லன்னா அது அநியாயம். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க.

ஸ்டெப் 7: சொந்தக்காரங்க, மொய், ஜாமீன், சீட்டு

அவங்க அம்மா வீட்டுக்கு ஒரு ரூல், இவங்க அம்மா வீட்டுக்கு ஒரு ரூல்னு இருந்தா அந்த வீடு நிம்மதியா இருக்காது. வருஷத்துக்கு சீர், மொய், மருத்துவ உதவின்னு ரெண்டு பக்கத்துக்கும் ஒரு தொகை ஒதுக்குங்க. நாத்தனார் வளைகாப்பும் மச்சான் கிரகப்பிரவேசமும் அதுக்குள்ள தான். "அத்தை கேட்டாங்க, நான் சரின்னு சொல்லிட்டேன்"னு வந்து நிக்காம, "ரெண்டு நாள்ல சொல்றேன் அத்தை, அவர்கிட்ட பேசிட்டு சொல்றேன்"னு சொல்லப் பழகுங்க, ஆம்பளைங்களும் அதே மாதிரி. கைமாத்து குடுத்தா திரும்பி வராட்டியும் வீடு ஓடும்ங்கற அளவு மட்டும் குடுங்க.

ஜாமீன் கையெழுத்து சும்மா கிடையாது. கடன் வாங்கினவர் கட்டலன்னா முழுத் தொகைக்கும் ஜாமீன்தாரர் பொறுப்புன்னு தான் சட்டம் சொல்லுது. ஒருத்தர் ஜாமீன் போடணும்னா இன்னொருத்தர் சம்மதம் கட்டாயம், தொகை சின்னதா இருந்தாலும். குழு லோனும் இப்படித் தான்: மனைவி பேர்ல வாங்கி புருஷன் செலவு பண்ணிட்டு, வாரா வாரம் கூட்டத்துல பதில் சொல்றது மட்டும் அவங்கன்னா அது சரியில்ல. காசு யார் செலவு பண்றாங்களோ தவணை அவங்க பொறுப்பு. ஏலச் சீட்டு போட்டா பதிவு பண்ணின சீட்டான்னு பாருங்க. தெருவுல தெரிஞ்சவங்க நடத்தறாங்க, பத்து வருஷமா நடத்தறாங்கங்கறதெல்லாம் பாதுகாப்பு இல்ல.

ஸ்டெப் 8: பேப்பர் எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்

2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அதுக்கப்புறம் தென்பெண்ணையில வந்த தண்ணி, நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசு இல்ல. பத்திரம், பாலிசி, பாஸ்புக், நகை ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் ஒரே தண்ணி புகாத கவர்ல, பீரோ கீழ்த்தட்டுல இல்ல, பரண்ல. கரண்ட் போயிட்டா யூபிஐயும் ஏடிஎம்மும் வேலை செய்யாது, அதனால அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு வாரச் செலவுக்கு நோட்டா கையில வச்சிருங்க.

நாமினி பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட பி.எஃப்., எல்ஐசியில இன்னும் அம்மா பேரே இருக்கும். 2025 நவம்பர்ல இருந்து பேங்க் அக்கவுண்டுக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம், அதனால அம்மாவை எடுத்துட்டு பொண்டாட்டியைப் போடணுமாங்கற சண்டைக்கே இடமில்ல. குறைஞ்சபட்சம் பேங்க்ல வருஷம் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் ரெண்டு பேருக்கும் போடுங்க, ஒவ்வொண்ணும் 2 லட்சம். கடன் இருக்கற தொழில்காரங்க டெர்ம் பாலிசி (இறந்தா மட்டும் பணம் வர்ற ஆயுள் காப்பீடு) எடுக்கும்போது 1874ஆம் வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்குக் கீழ எடுக்கச் சொல்லிக் கேளுங்க, பொதுவா அந்தக் காசை கடன்காரங்க தொட முடியாது, மனைவிக்கும் பசங்களுக்கும் தான் போகும்.

ஸ்டெப் 9: மாசம் ஒரு தடவை உக்காருங்க

அரை மணி நேரம் போதும். போன மாசம் எது மிஞ்சிச்சு, எது இடிச்சுது, அடுத்த மாசம் என்ன வருது. "நீ ஏன் இவ்ளோ செலவு பண்ண"ன்னு ஆரம்பிக்காதீங்க, "மளிகை 1,200 கூட ஆயிருக்கே, எதுல ஏறிச்சு"ன்னு கேளுங்க. பத்து வயசுக்கு மேல பசங்க இருந்தா பக்கத்துல உக்கார வைங்க.

எவ்ளோ பேசியும் ஒருத்தர் சம்பளத்தையே காட்டலன்னா, மனைவியோட ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டா, வீட்டுச் செலவுக்கே குடுக்கலன்னா, அது பட்ஜெட் பிரச்சனை இல்ல. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல இதுக்குப் பொருளாதார வன்முறைன்னே பேர், 181க்கு போன் பண்ணலாம். பொறுத்துப் போகச் சொல்றவங்க நிறைய பேர் இருப்பாங்க, நான் சொல்ல மாட்டேன்.

ஸ்டெப் 10: ரிட்டயர்மெண்ட் காசு

இதை யாரும் பேசறதில்ல. நெய்வேலியிலயோ டிரான்ஸ்போர்ட்லயோ முப்பது வருஷம் வேலை பாத்துட்டு ஒரே நாள்ல பெரிய தொகை அக்கவுண்ட்ல விழும். அந்த வாரமே மகன் பிசினஸ், மாப்பிள்ளை கார், பெரியப்பா பையன் மனை எல்லாம் வாசல்ல வந்து நிக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுங்க, மூணு மாசத்துக்கு யாருக்கும் எதுவும் இல்ல. 60 வயசு ஆனவங்க மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 30 லட்சம் வரைக்கும் போடலாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி வரும், அதுல ஜாயிண்ட்டா சேக்கணும்னா கணவனையோ மனைவியையோ மட்டும் தான் சேக்க முடியும். மாசா மாசம் வட்டி வேணும்னா போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டம், தனியா 9 லட்சம், ஜாயிண்ட்டா 15 லட்சம். பாரத்துல மனைவி பேரையும் சேத்து எழுதச் சொல்லி கவுண்டர்லயே கேட்டு வாங்கிடுங்க, நாளைக்கு அவர் இல்லாதப்ப அவங்க யார்கிட்டயும் கை நீட்டாம அந்த வட்டியை எடுத்துக்கலாம்.